ஓடிப்போவதற்கு முன்: தூத்துக்குடியின் ஒரு வழக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

2018ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் அருண்குமார், மணமகள் ஸ்ரீஜா. ஸ்ரீஜா ஒரு திருநங்கை. தாலி கட்டியாயிற்று, மாலை மாற்றியாயிற்று. ஆனால் திருமணத்தைப் பதிவு செய்ய தூத்துக்குடி இணைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனபோது பதிவாளர் மறுத்துவிட்டார். மேல்முறையீட்டில் மாவட்டப் பதிவாளரும் அதே முடிவைச் சொன்னார். இருவரும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள்.

அரசுத் தரப்பின் வாதம் எளிமையானது. இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவு 'மணமகள்' என்கிறது. அகராதியைப் புரட்டினால் மணமகள் என்றால் திருமண நாளில் இருக்கும் பெண் என்று பொருள். திருநங்கை பெண் அல்ல, ஆகவே மணமகளும் அல்ல. ஒரு மனுஷியின் வாழ்க்கையை அகராதியின் ஒரு வரிக்குள் அடக்கப் பார்த்தார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். 1955இல் எழுதப்பட்ட சட்டத்தின் சொல்லை இன்றைய வாழ்க்கையின் வெளிச்சத்தில் படிக்க வேண்டும், 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம், திருமணத்தைப் பதிவு செய்யுங்கள் என்றார்.

இந்தத் தீர்ப்பு செய்தியானதும் எல்லோரும் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நம் ஊரில் எந்தக் கதையும் கல்யாணத்தில் முடிந்தால்தானே எல்லோருக்கும் நிம்மதி! ஆனால் அதே தீர்ப்பின் பின்பகுதியில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. அது குழந்தைகளைப் பற்றியது. இந்தக் கட்டுரை அந்தப் பின்பகுதியில் தொடங்கி, அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைத் தேடிப் போகிறது. தன் உடலைப் பற்றி, தன் பாலினத்தைப் பற்றி, யார் மேல் தனக்கு ஈர்ப்பு வருகிறது என்பதைப் பற்றிக் குழம்பி நிற்கும் ஒரு பதின்பருவப் பிள்ளைக்கு நம் சமூகத்தில் யார் வழிகாட்டினார்கள்? எப்போதிலிருந்து? என்ன விலைக்கு?

தீர்ப்பின் பின்பகுதி

ஆண், பெண் என்ற இரண்டு அச்சுகளிலும் சரியாகப் பொருந்தாத உடலமைப்போடு சில குழந்தைகள் பிறக்கின்றன. ஊடுபால் குழந்தைகள் என்கிறோம். இப்படிப் பிறந்த குழந்தையைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே அறுவை செய்து ஆணாகவோ பெண்ணாகவோ 'சரிசெய்து'விடும் வழக்கம் மருத்துவமனைகளில் இருந்தது. தூத்துக்குடி வழக்கின் தீர்ப்பில் நீதிபதி இதைக் கையிலெடுத்தார். பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்றார். உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய இத்தகைய அறுவை கூடாது என்று அரசாணை வெளியிடச் சொன்னார். 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதை வெளியிட்டது. இந்தியாவில் இப்படி ஒரு தடை வந்தது அதுவே முதல் முறை.

இன்னொன்றும் சொன்னார். இப்படிப் பிறக்கும் குழந்தை வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல என்று பெற்றோர் உணர அரசு பிரசாரம் செய்ய வேண்டும், அந்தக் குழந்தை குடும்பத்துக்குள்ளேயே இருக்க உரிமை உள்ளது, வீட்டை விட்டு விளிம்புக்கு ஓடும் அந்தப் பயணம் உயிர் குடிக்கும் பயணம், அதைத் தடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்தச் சாரத்தை நாம் இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை படிக்கும்போது ஆறுதலாக இருக்கிறது. இரண்டாவது முறை படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. பிள்ளைகள் ஏன் ஓடினார்கள்? வீடு அவர்களைத் துரத்தியதால்தான். துரத்திய இடத்துக்கே திரும்பி வா என்றால், முதலில் மாற வேண்டியது பிள்ளையா வீடா?

வீட்டுக்கு வெளியே கிடைத்த தாய்

அரசும் நீதிமன்றமும் பேச ஆரம்பிப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் திருநங்கைகள். தன்னைப் போல் இன்னொரு பிள்ளை வந்து நின்றால் அவளை மகளாக ஏற்கும் வழக்கம் அந்தச் சமூகத்தில் பல தலைமுறைகளாக உண்டு. ஜமாத் என்று அதற்குப் பெயர். அங்கே அம்மா உண்டு, பாட்டி உண்டு, அக்கா தங்கை உண்டு. பேர் வைப்பது, புடவை கட்டக் கற்றுக்கொடுப்பது, காயம் பட்டால் மருந்து போடுவது, செத்தால் அழுவது எல்லாம் அங்கே நடக்கும். விழுப்புரம் பக்கம் கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் கூடும்போது, 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று நினைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலாகத் தன்னைப் போன்ற ஆயிரம் பேரை ஒரே இடத்தில் பார்த்தார்கள்.

இதை நாம் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. படிப்பு, பணம், சட்டம் எதுவும் துணைக்கு இல்லாத பெண்கள், வீடு கைவிட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். தமிழ்நாட்டில் பாலினக் குழப்பத்தோடு வந்த பிள்ளைகளுக்கான முதல் ஆலோசனை மையம் எது என்று கேட்டால், அந்தக் குடிசைகளைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதன் விலையையும் சொல்ல வேண்டும். அங்கே போய்ச் சேர, முதலில் வீட்டை இழக்க வேண்டும். வீட்டோடு பள்ளி போகும், பள்ளியோடு வேலை போகும். பிச்சையும் பாலியல் தொழிலும் தவிர வேறு பிழைப்பு இல்லை என்றாகும். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பதின்பருவத்திலேயே வீட்டை விட்டுத் தில்லிக்குப் போன ஏ. ரேவதி, திருநங்கைகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' நூலை வெளியிட்டார். பிறகு தன் கதையையும் எழுதினார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறும் வந்தது. இந்த நூல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். அவற்றில் வீட்டை விட்டுப் போகும் இடம்தான் எல்லாவற்றையும் இரண்டாகப் பிளக்கிறது.

வேறு வழியும் சிலருக்குக் கிடைத்தது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜுக்கு சிறு வயதுத் தோழி சக்தி துணை இருந்தார். பிறகு தஞ்சாவூர் கே.பி. கிட்டப்பா பிள்ளை என்ற பரதநாட்டிய ஆசான் கிடைத்தார். 2019இல் நர்த்தகி பத்மஸ்ரீ பெற்றார். இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது விருதை அல்ல. ஒரு தோழி, ஓர் ஆசிரியர். இரண்டே இரண்டு பேர் கைவிடாமல் இருந்தார்கள். அதற்கே இவ்வளவு பலன்.

அரசு எழுதிய முதல் வரி

2006 டிசம்பரில் தமிழ்நாடு அரசின் சமூகநலத் துறை ஓர் அரசாணை வெளியிட்டது. பாலின அடையாளத்தைக் காரணம் காட்டிப் பள்ளியிலும் கல்லூரியிலும் இடம் மறுக்கக் கூடாது, இப்படிப்பட்ட பிள்ளைகளைக் குடும்பங்கள் கைவிட்டுவிடாமல் இருக்க ஆலோசனை வழங்க வேண்டும் என்று அது பேசியது. 2008 ஏப்ரலில் இந்தியாவிலேயே முதன்முறையாகத் திருநங்கைகளுக்கான நலவாரியம் இங்கே அமைக்கப்பட்டது. அதே காலத்தில்தான் 'அரவாணி' என்ற சொல்லின் இடத்தில் 'திருநங்கை' என்ற சொல் அரசு ஏடுகளில் நிலைத்தது.

பெயர் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள், வகுப்பறையில் ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். நம் சினிமா அந்தச் சொற்களைச் சிரிப்புக்கு விற்றது. நாமும் சிரித்தோம். நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை சிரிக்காமல் இருந்ததை நாம் பார்க்கவில்லை.

அரசாணை வந்ததால் பள்ளிகள் மாறிவிட்டனவா? இதற்குப் பதில் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்தே கிடைக்கிறது. இந்த மாவட்டத்தில் பிறந்தவர் கிரேஸ் பானு. தலித், திருநங்கை. பள்ளியில் தான் எப்படி ஒதுக்கப்பட்டேன் என்று பல பேட்டிகளில் பேசியிருக்கிறார். சாதி ஒரு பக்கமும் பாலினம் ஒரு பக்கமும் நெருக்கிய பிள்ளைப்பருவம் அது. வெளியேறி, திருநங்கை அம்மாக்களால் வளர்க்கப்பட்டு, பட்டயப் படிப்பு முடித்து, 2014இல் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை ஆனார். அந்த இடத்துக்கும் போராட வேண்டியிருந்தது. தான் தத்தெடுத்த மகள் தாரிகா பானு சித்த மருத்துவம் படிக்க இடம் கேட்டபோது, 2017இல் உயர் நீதிமன்றம்வரை போய்த்தான் அது கிடைத்தது.

கிரேஸ் பானுவின் முன்முயற்சியில், மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு, 2020இல் கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் திருநங்கைகளுக்குக் குடியிருப்பும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தன. அன்றைய ஆட்சியர் சந்தீப் நந்தூரியின் பெயரையே குடியிருப்புக்கு வைத்தார்கள். பசு மாடு வாங்கிப் பால் கறந்து விற்பதற்கும் பதின்பருவப் பிள்ளைக்கு வழிகாட்டுவதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். தொடர்பு உண்டு. 'நீ இப்படி ஆனால் பிச்சைதான் எடுக்க வேண்டும்' என்பதுதான் வீடுகளில் பிள்ளையை மிரட்டும் முதல் வாக்கியம். அம்மாவின் அழுகைக்குப் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் அந்தப் பயம்தான். சொந்த வீட்டில், சொந்தத் தொழிலோடு வாழும் ஒரு திருநங்கையைப் பக்கத்து ஊரில் பார்க்கும்போது அந்த வாக்கியம் பலவீனமாகிறது.

ஓட முடியாத பெண்பிள்ளைகள்

இதுவரை சொன்ன வரலாறு பெரும்பாலும் திருநங்கைகளுடையது. பெண்ணியவாதிகளாக நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: பெண்ணாக வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? இன்னொரு பெண் மேல் மனம் போன பிள்ளைக்கு? 'நான் பெண்ணே இல்லை' என்று உணர்ந்த திருநம்பிக்கு?

அவர்களுக்கு ஜமாத் இல்லை. கூவாகம் இல்லை. ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவர்கள் ரயில் ஏறி ஊர் மாற முடிந்தது. பெண்பிள்ளை தெருமுனைக்குப் போகவே துணை வேண்டும் என்ற வீட்டில் எங்கே ஓடுவது? அவளுக்கு நடந்தது ஓட்டமல்ல, கல்யாணம். 'ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதே நம் வீடுகள் கண்டுபிடித்த வைத்தியம். இந்த வைத்தியத்தில் எத்தனை பெண்கள் வாழ்நாள் முழுக்க வாய் திறக்காமல் கிடந்தார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில், பெண்ணை நேசித்த பெண்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தொடர்ந்து வந்த பின்னணியில்தான் 2002இல் 'சகயாத்ரிகா' என்ற ஆதரவு அமைப்பு தொடங்கியது. சென்னையில் 2003இன் இறுதியில் ஒரு சிறு நண்பர் வட்டமாகத் தொடங்கி 'ஓரினம்' என்று வளர்ந்த குழு, தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தந்தது, பெற்றோரைப் பெற்றோரோடு பேசவைத்தது.

1860இல் ஆங்கிலேயர் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, தன்பாலீர்ப்பைக் குற்றத்தின் நிழலிலேயே வைத்திருந்தது. உதவி கேட்க வாய் திறப்பதே ஆபத்து என்ற நிலையை அது உருவாக்கியது. வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6 அன்று. தூத்துக்குடிக் கல்யாணம் நடந்தது அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில்.

2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். ஒருவரையொருவர் நேசிப்பவர்கள். இருவரின் பெற்றோரும் 'பெண்ணைக் காணவில்லை' என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். காவலர்கள் தேடி வந்தார்கள். பெண்கள் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். இதுதான் சுஷ்மா வழக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது.

இந்த வழக்கில் நடந்தது நம் நீதிமன்ற வரலாற்றில் அபூர்வம். நீதிபதி பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் பேச அனுப்பினார். பிறகு, இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானும் அதே உளவியலாளர் வித்யா தினகரனிடம் ஓர் அமர்வுக்கு மாணவராகப் போய் உட்கார்ந்தார். பால்புதுமையர் சமூகத்தினரோடும் பேசினார். தீர்ப்பு எழுதுவதற்கு முன் தன் அறியாமையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் நிலை. 'எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடு' என்று ஒரு நீதிபதி சொல்ல முடிந்தால், ஒரு தாயும் தகப்பனும் சொல்ல முடியாதா?

2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவு இரண்டு பெண்களோடு நிற்கவில்லை. காணவில்லை என்ற புகாரில், இருவரும் வயதுவந்தவர்கள், விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் காவல்துறை வழக்கை முடித்துத் துன்புறுத்தாமல் விட வேண்டும். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'மாற்றுகிறேன்' என்று சொல்லும் எந்தச் சிகிச்சையும் கூடாது. பள்ளிகளில் பாலின வேறுபாடு பார்க்காத கழிப்பறை, சான்றிதழில் பெயர் மாற்றும் வசதி, ஆலோசகர்கள் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும். இப்படி நீண்டது பட்டியல். 2022இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளைத் திருத்தி, இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்துவதைத் தடைசெய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், இந்த மனிதர்களை மரியாதையாகக் குறிப்பிடுவதற்கான தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டது.

வைத்தியம் என்ற பெயரில்

'மாற்றும் சிகிச்சை' என்ற சொல் நகரத்து விஷயம்போல் ஒலிக்கலாம். ஆனால் நம் ஊரில் அதற்கு வேறு வடிவங்கள் உண்டு. மந்திரிப்பது, பூசாரியிடமோ ஜெபக் கூட்டத்துக்கோ இழுத்துப்போவது, பூட்டிவைப்பது, அடிப்பது, மாத்திரை கொடுப்பது, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பது. எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்றுதான்: இது நோய், குணமாக்கலாம்.

நோய் இல்லை என்பது நேற்று வந்த கருத்தல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது. இந்திய மனநல மருத்துவ சங்கம் 2018இல் இது நோயல்ல என்று தெளிவாகச் சொன்னது. சுஷ்மா வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், மாற்றும் சிகிச்சை அளிப்பது மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. ஆக, உங்கள் பிள்ளையை 'மாற்றித் தருகிறேன்' என்று ஒரு மருத்துவர் சொன்னால், தவறு செய்பவர் அவர். எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2021இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு தயாரித்து இணையதளத்தில் போட்டது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே எடுத்துவிட்டது. இப்படி அவசரப்பட்டு நீக்கியதை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விமர்சித்தார். ஆசிரியருக்கான ஒரு கையேட்டுக்கே இவ்வளவு பயம் என்றால், அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பயம் எவ்வளவு இருக்கும்?

சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நீதிமன்ற உத்தரவோடு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம் என்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அடிக்கும் வீட்டுக்கும் அரசு மையத்துக்கும் நடுவில், அந்தப் பிள்ளையை மகளாக எடுத்து வளர்த்த திருநங்கைத் தாய்க்கு அதில் இடமில்லை. இத்தனை காலம் வழிகாட்டியவளைச் சட்டம் பார்க்கவே இல்லை.

வரலாறு கற்றுத்தந்த ஆதரவு

முத்துச் சலாபம் நடந்த காலத்துக் கதை ஒன்றைத் தூத்துக்குடிக் கரையில் இன்றும் சொல்வார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குபவரின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பாராம். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் கைவிடமாட்டார் என்பது கணக்கு. மேலே தோணியில் இருப்பவர் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று உத்தரவு போடுவதில்லை. கயிறு ஆடியதும் இழுக்கிறார். அதுவரை கவனமாக இருக்கிறார். பதின்பருவப் பிள்ளைக்கு ஆதரவு என்பதும் இவ்வளவுதான். மேலே சொன்ன வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அவசரம் வேண்டாம். ஊடுபால் குழந்தைக்காகத் தூத்துக்குடி வழக்கில் சொன்ன நியாயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பிள்ளை தன்னைத் தெரிந்துகொள்ளும் முன் நாம் முடிவெடுக்கக் கூடாது. பதினைந்து வயதில் 'நான் யார்' என்று கேட்பது குற்றமல்ல. சிலருக்கு விடை சீக்கிரம் தெரியும், சிலருக்கு ஆண்டுகள் ஆகும், சிலருக்குப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். 'இதெல்லாம் ஒரு வயசுக் கோளாறு' என்று தள்ளுவதும் தவறு, 'அப்படியானால் நீ இதுதான்' என்று முத்திரை குத்துவதும் தவறு. கேள்வியோடு இருக்க அவகாசம் கொடுப்பதுதான் முதல் உதவி.

இரண்டாவது, ரகசியத்தைக் காப்பது. ஒரு மாணவி ஆசிரியையிடம் மனம் திறந்தால், அவள் அனுமதி இல்லாமல் அதை வீட்டுக்குச் சொல்லக் கூடாது. நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு வார்த்தையால் படிப்பு நின்று, கல்யாணம் நிச்சயமாகிவிடலாம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் பெரியவர் உதவியைக் கொண்டுவர வேண்டும், அதையும் அவளிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, பள்ளியைக் காப்பாற்றுவது. ரேவதி முதல் கிரேஸ் பானு வரை எல்லோர் கதையும் இதையே சொல்கிறது. படிப்பு இருந்தால் வழிகள் இருக்கின்றன. 2024-25 நிதிநிலை அறிக்கையில், திருநர் மாணவர்களின் உயர்கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் உயர்கல்விவரை வந்து சேர, எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் கேலியில்லாமல் கடக்க வேண்டும். அது ஆசிரியர் கையில் இருக்கிறது. வகுப்பில் ஒருவன் கேலி செய்யும்போது ஆசிரியை சிரிக்காமல் நிறுத்தினாலே பாதிப் பாரம் இறங்கும்.

நான்காவது, தாயின் மேல் பழி போடாமல் இருப்பது. பிள்ளை 'இப்படி' ஆனதற்கு வளர்ப்புதான் காரணம் என்று மாமியாரும் ஊரும் முதலில் விரல் நீட்டுவது தாயை நோக்கித்தான். அந்தப் பயத்தில்தான் பல தாய்மார்கள் பிள்ளையை ஒடுக்குகிறார்கள். வளர்ப்பால் வருவதல்ல இது. அழ வேண்டுமென்றால் தாய் அழட்டும். ஆனால் பிள்ளையின் முன்னால் அல்ல, இன்னொரு தாயின் தோளில். பெற்றோரோடு பெற்றோரைப் பேசவைத்த குழுக்கள் செய்தது அதைத்தான்.

ஐந்தாவது, தனியாக விடாமல் இருப்பது. தன்னைப் போல் இன்னொருவர் உண்டு என்று தெரிவதைவிடப் பெரிய மருந்து இல்லை. ஆனால் அந்தத் தேடலில் பிள்ளை கைபேசியில் முகம் தெரியாதவர்களிடம் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. நம்பகமான அமைப்பு, நல்ல புத்தகம், தெரிந்த ஒரு பெரியவர் வழியாக அந்த அறிமுகம் நடக்கட்டும்.

இதைப் படிப்பது அந்தப் பிள்ளையேதான் என்றால், கண்ணே, உனக்கும் சொல்கிறேன். நீ நோயாளி அல்ல. நீ முதல் ஆளும் அல்ல. எல்லோரிடமும் எல்லாவற்றையும் இன்றே சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. நம்பக்கூடிய ஒருவரிடம் சொன்னால் போதும். வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் குழந்தைகளுக்கான 1098ஐ அழைக்கலாம். மனம் தாங்க முடியாமல் போனால் மனநல உதவிக்கு 14416 இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. படிப்பை விடாதே.

குடும்பம் என்ற சொல்

அகராதியில் 'மணமகள்' என்ற சொல்லோடு தொடங்கிய வழக்கு இது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தைச் சட்டப்படி அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அதனால் தூத்துக்குடி தீர்ப்பு திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. மணமகன், மணமகள் என்ற இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் பொருந்துபவருக்கே அது திறந்தது. பெண்ணியவாதிகளாக நாம் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு மனுஷிக்கு மரியாதை கிடைக்கத் தாலி நிபந்தனையாக இருக்கக் கூடாது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 2025 மே மாதம், இன்னொரு பெண்ணை நேசித்ததற்காக வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது. தூத்துக்குடி தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதனும் நீதிபதி வி. லட்சுமிநாராயணனும் விசாரித்தார்கள். அவள் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்றார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள். எல்லாப் பெற்றோரும் நீதிபதி லீலா சேத்தைப் போல இருப்பதில்லை என்ற வருத்தமும் தீர்ப்பில் இருந்தது. எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாயான லீலா சேத், 2013இல் உச்ச நீதிமன்றம் 377ஐ மீண்டும் உயிர்ப்பித்தபோது, ஒரு தாயாகவும் முன்னாள் தலைமை நீதிபதியாகவும் தன் மகனுக்காகப் பகிரங்கமாக எழுதியவர்.

'தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம்' என்பதை நீதிமன்றம் 2025இல் எழுதியது. கூரை வேய்ந்த வீட்டில், வந்து நின்ற பிள்ளைக்குச் சோறு போட்டு மகளே என்று கூப்பிட்ட திருநங்கைகளுக்கு அது பல தலைமுறைகளாகத் தெரியும். அவர்களிடமிருந்துதான் நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் நாமும் கற்றுக்கொண்டிருக்கிறோம். மிச்சம் இருக்கும் வேலை ஒன்றுதான். அந்தச் சோறும் அந்த 'மகளே'யும், வீட்டை விட்டு ஓடிய பிறகு அல்லாமல், ஓடுவதற்கு முன்பே, பிறந்த வீட்டின் அடுப்படியிலேயே அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும்.